கறிவேப்பிலையை நாடிவரும் வண்ணத்துப்பூச்சி

அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோர நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக் கொல்லைகளிலே பெரும்பாலும் இரண்டு மரங்களைக் காணலாம். ஒன்று எலுமிச்சை. அது நாம் வீட்டை வாங்கும்போதே அங்கு நின்றிருக்கும். மற்றையது கறிவேப்பிலை. அது நாமே தேடி வாங்கி, குளிருக்கு அஞ்சிச் சாடியில் வைத்து, கைக்குழந்தையைப் போல வளர்த்தெடுத்தது. கோடை பிறந்ததும் இவ்விரண்டின் இலைகளிலும் பறவையின் எச்சம் போன்ற சிறு பொருள்கள் ஒட்டியிருக்கும். சற்று உற்று நோக்கினால், அந்த எச்சம் இலையைத் தின்றுகொண்டிருப்பது தெரியும். அதனைக் கண்ட பெற்றோர் பூச்சிமருந்துப் புட்டியைத் தேடுவர். பிள்ளைகள் அருவருத்து விலகுவர். அந்த 'எச்சம்' யாது, எமது கறிவேப்பிலையை அது எவ்வாறு கண்டுபிடித்தது, அதனை நாம் என்ன செய்தல் தகும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அது ஒரு வண்ணத்துப்பூச்சியின் குடம்பி. அவ்வண்ணத்துப்பூச்சியை ஆங்கிலத்தில் 'ஓச்சட் சுவலோரெயில்' என அழைப்பர். 'பழத்தோட்டத்துத் தகைவிலான்வாலி' என்று அதனைத் தமிழாக்கலாம். தகைவிலான் என்பது பிளவுபட்ட வாலையுடைய ஒரு சிறு பறவை. பின்சிறகின் ஓரம் அப்பறவையின் வாலைப்போல நீண்டிருக்கும் இனங்கள் பல இக்குடும்பத்தில் இருப்பதனால், குடும்பம் முழுமைக்குமே அப்பெயர் வழங்கலாயிற்று. வேடிக்கை யாதெனில், நாம் கூறவந்த இந்த இனத்துக்கு வால் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. பின்சிறகின் ஓரம் அலையலையாக வெட்டுண்டிருக்கும், அவ்வளவே.

இதன் விஞ்ஞானப் பெயர் 'பப்பிலியோ ஏஜியஸ்' என்பதாகும். பப்பிலியோ என்பது இலத்தீன் மொழியில் வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் சொல். ஏஜியஸ் என்பவன் கிரேக்கப் பழங்கதைகளில் வரும் ஏதென்ஸ் நகரத்து மன்னன். வண்ணத்துப்பூச்சிகளுக்குக் கிரேக்க வீரர்களின் பெயரை இடும் வழக்கத்தை லின்னேயஸ் தொடக்கிவைத்தார். அவ்வழியைப் பின்பற்றி இப்பூச்சிக்குப் பெயரிட்டவர் எட்வேட் டொனோவன் என்பவர். 1805 ஆம் ஆண்டில், அக்காலத்தில் 'நியூ ஒல்லாந்து' என வழங்கிய இக்கண்டத்தின் பூச்சிகளைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். இத்தனைக்கும் அவர் இங்கு காலடி வைத்தவரல்லர். பிறர் சேர்த்துக் கொண்டுவந்த மாதிரிகளை இங்கிலாந்தில் இருந்தபடியே பார்த்து எழுதினார்.

சிறகு விரித்த நிலையில் இது ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் அகலமுடையது. ஆண் கருநிறமானது, முன்சிறகின் நுனியருகே ஒரு வரிசை வெண்புள்ளிகளும், பின்சிறகின் நடுவே பெரிய வெண்திட்டும், உள்மூலையில் ஒரு சிவப்புப் புள்ளியும் உண்டு. பெண் சற்றுப் பெரியது. அதன் முன்சிறகின் வெளிப்பாதி சாம்பல் வெண்மையாகவும், பின்சிறகின் ஓரம் சிவப்பு, நீலப் பிறைகள் பதித்ததாகவும் விளங்கும். அறியாதார் இரண்டையும் வெவ்வேறு இனமெனவே கொள்வர். பூவில் தேன் அருந்தும்போதுகூட இது சிறகை மடித்து அமைதியாக இருப்பதில்லை. படபடவென அடித்துக்கொண்டே குடிக்கும். ஆகவே ஒளிப்படம் எடுக்க விரும்பும் பிள்ளைகளுக்குப் பொறுமை வேண்டும்.

இனி இதன் உணவுக்கு வருவோம். வண்ணத்துப்பூச்சிகள் பூவுக்குப் பூ தாவுவதனால், அவை எந்தச் செடியையும் ஏற்கும் என எண்ணுதல் இயல்பு. தேனைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. குடம்பியின் உணவைப் பொறுத்தவரை அது முற்றிலும் தவறு. ஏஜியஸ் குடம்பி உண்பது பெரும்பாலும் ஒரேயொரு தாவரக் குடும்பத்தின் இலைகளையே. தாவரவியலார் அதனை 'ரூற்றேசியே' என்பர். நாம் எலுமிச்சைக் குடும்பம் என வழங்கலாம். தோடை, தேசி, நாரத்தை மட்டுமன்றி, எமது வில்வமும் விளாவும் கறிவேப்பிலையும் இக்குடும்பத்தவையே. இதனை மாணவர் தாமே சோதித்தறியலாம். ஓர் எலுமிச்சை இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போன்ற ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை நறுமண எண்ணெய் நிரம்பிய சுரப்பிகள். கறிவேப்பிலையிலும் அத்தகைய சுரப்பிகள் உண்டு. இலையைக் கசக்கினால் மணம் எழுவது அவை உடைவதனாலேயே. அம்மா தாளிதத்தில் இடும்போது சமையலறை மணப்பதும் அந்த எண்ணெயினாலேயே.

அவ்வெண்ணெயையும் அதனோடுள்ள வேறு வேதிப்பொருள்களையும் தாவரம் எமக்காகப் படைத்து வைத்திருக்கவில்லை. தன்னைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டவே அவற்றைக் கொண்டுள்ளது. மிகப் பல பூச்சிகளுக்கு அவை ஒவ்வாதன. ஆனால் ஏஜியசின் முன்னோர் அவற்றைச் சமாளிக்கும் ஆற்றலை நெடுங்காலத்தில் பெற்றுவிட்டனர். எதிரியை விரட்டும் மணமே இவர்களுக்கு 'உணவு இங்கே' என்னும் அழைப்பாயிற்று.

ஐரோப்பியர் வருமுன் இக்கண்டத்தில் தோடையும் எலுமிச்சையும் இருக்கவில்லை. ஆயினும் எலுமிச்சைக் குடும்பத்தின் சுதேசச் செடிகள் இங்கு மிகுதி. விரல்போல் நீண்ட காயுடைய காட்டுத் தேசி, மழைக்காடுகளில் வளரும் சீரியா என்னும் செடி முதலியன அவற்றுட் சில. அவற்றை உண்டே ஏஜியஸ் வாழ்ந்துவந்தது. 1787 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கைதிகளை ஏற்றிவந்த முதற் கப்பற்றொகுதி, இடைவழியில் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தில் தங்கியபோது தோடை, எலுமிச்சை முதலியவற்றை ஏற்றிக்கொண்டு 1788 ஜனவரியில் சிட்னியை அடைந்தது. பின்னர் பழத்தோட்டங்கள் பரவின. ஏஜியஸ் அவற்றைக் கண்டது. கண்டமாத்திரத்தே உறவு கொண்டாடியது. காட்டுச் செடிகள் அருமையாகவுள்ள தென்பகுதிகளிலும் வீட்டு எலுமிச்சையைத் துணையாகக் கொண்டு அது பரவியது. இன்று குயின்ஸ்லாந்தின் வடமுனையிலிருந்து விக்டோரியா வரையும், அடிலெயிட் நகரத் தோட்டங்களிலும் அதனைக் காணலாம். நியூகினியிலும் அது வாழ்கின்றது. தென்னாசியக் குடும்பங்கள் கறிவேப்பிலையை நட்டபோது, அதன் விருந்துப் பட்டியலில் மேலும் ஒன்று சேர்ந்தது.

கறிவேப்பிலையைத் தன் தலைமுறையில் ஒருபோதும் கண்டிராத ஒரு பூச்சி, அது தன் பழைய செடியின் உறவினம் என்பதை எவ்வாறு அறிந்தது? எமது நோக்கில் இதுவே இப்பாடத்தின் மிகச் சுவையான பகுதியாகும்.

முதலிற் கண். எமது கண்ணில் நிறமறியும் உயிரணுக்கள் மூவகை. இக்குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளுக்கு அதனிலும் கூடுதலான வகைகள் உள்ளன. நாம் காணவியலாத புறவூதா ஒளியையும் அவை காணும். ஏஜியஸ் பெண் முட்டையிட விரும்புவது பச்சை நிறத்தில். அல்முட் கெல்பர் என்னும் ஆய்வாளர் வர்ணத் தாள்களைக் கொண்டு இதனைச் சோதித்து, 1999 ஆம் ஆண்டில் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார். பச்சையை அறிவதற்கு இப்பூச்சி பச்சையுணர் அணுக்களை மட்டும் நம்புவதில்லை. சிவப்புணர் அணுக்களையும் பயன்படுத்துகின்றது. பச்சையுணர்வு 'ஆம்' என்னும்போது, சிவப்புணர்வும் நீலவுணர்வும் 'அன்று' எனத் தடுக்கும். இரண்டையும் சீர்தூக்கியே பூச்சி ஒரு பச்சையை மற்றொரு பச்சையிலிருந்து நுட்பமாகப் பிரித்தறிகின்றது.

ஆயினும் கண் மட்டும் போதாது. கொல்லையில் பச்சை இலை ஏராளம். பெண்பூச்சி ஓர் இலையில் வந்திறங்கியதும் முன்னங்கால்களால் அதனைப் படபடவெனத் தட்டும். மிருதங்கம் வாசிப்பதுபோலத் தோன்றும் இச்செயல் உண்மையில் சுவை பார்த்தல் ஆகும். கால்நுனியிலுள்ள நுண்மயிர்கள் இலையின் வேதிப்பொருள்களை உணர்கின்றன. ஏஜியசின் உறவினமாகிய 'பப்பிலியோ சூதஸ்' என்னும் ஆசியப் பூச்சியில், எலுமிச்சை இன இலைகளிலுள்ள சினெபிரின் என்னும் பொருளை உணரும் புலன்வாயிலை யப்பானிய ஆய்வாளர் 2011 இல் இனங்கண்டனர். நாக்கு எமக்கு வாயிலிருக்க, அதற்குக் காலிலிருக்கிறது. கால் ஒப்பினால் வயிற்றை வளைத்து ஒரு முட்டை இடும். ஒப்பாவிடின் அடுத்த இலைக்குப் பறக்கும். தாவரவியலார் பூவையும் காயையும் அறுத்துப் பார்த்து, வில்வமும் தோடையும் கறிவேப்பிலையும் ஒரு குடும்பம் என முடிவுசெய்தனர். பூச்சி அதே முடிவைத் தன் காலால் எட்டிற்று.

கறிவேப்பிலையின் விஞ்ஞானப் பெயரிலும் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. கூறாமற் செல்ல மனமில்லை. அப்பெயரிலுள்ள 'கேனிகை' என்னும் சொல், 18 ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் பணியாற்றிய யொகான் கெரார்ட் கேனிக் என்பவரைக் குறிப்பது. அவர் லின்னேயசின் மாணவர். ஈழத்திலும் தமிழகத்திலும் அம்மரத்தை நாடிவருவது ஏஜியஸ் அன்று. அதன் உறவினங்கள் பிற. கறுப்பிலே வெண்புள்ளி வரிசையுடைய 'பப்பிலியோ பொலிற்றஸ்', மஞ்சளும் கறுப்பும் கலந்த 'பப்பிலியோ டெமோலியஸ்' ஆகிய இரண்டையும் ஊரில் வளர்ந்த பெற்றோர் பெயரறியாமலே கண்டிருப்பர். இவற்றுள் டெமோலியஸ் அவுஸ்திரேலியாவிலும் உண்டு. அங்கே எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் தின்னும் அதே இனம், இங்கே அவற்றை விட்டு அவரைக் குடும்பத்துச் சிறு செடிகளில் முட்டையிடுகின்றது. உணவு என்பது பிறப்போடு வந்த மாறாத விதி என்று எண்ணுவோர் இதனைக் கவனித்தல் நன்று.

முட்டை வெளிர்மஞ்சள் நிறமானது. குண்டூசித் தலையளவு பருமனுடையது. இளந்தளிரில் ஒவ்வொன்றாகத் தனித்தனியே இடப்படும். வெளிவந்த குடம்பி பெரும்பாலும் முதலில் தன் முட்டையோட்டையே தின்னும். அதன்பின் தின்பதும் தோலுரிப்பதுமே அதன் வாழ்வு. நான்கு தடவை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கும். தொடக்கப் பருவங்களில் அது கபிலமும் வெண்மையும் கலந்து, ஈரம் காயாத பறவை எச்சம் போலவே பளபளக்கும். எச்சத்தை உண்ண எப்பறவையும் விரும்பாது. ஆனால் குடம்பி பெருத்துவிட்டால் அவ்வேடம் செல்லாது. கட்டைவிரல் பருமனில் எச்சமிடும் பறவை எமது கொல்லைக்கு வருவதில்லை அல்லவா! எனவே இறுதிப் பருவத்தில் அது இலைப்பச்சை நிறம் பூண்டு, சாய்ந்த வெண், கபிலப் பட்டைகளுடன் இலைக்கூட்டத்தில் மறைந்துவிடும். இவ்வேட மாற்றத்தை ஆள்வது 'இளம்பருவ ஓமோன்' எனப்படும் சுரப்பு. அதன் அளவு குறையும்போது எச்சவேடம் நீங்கிப் பச்சைவேடம் தோன்றுகின்றது என்பதை, மேற்கூறிய சூதஸ் இனத்தில் இரு யப்பானிய ஆய்வாளர் 2008 இல் காட்டினர்.

வேடம் பலிக்காதபோது வேறோர் ஆயுதம் உண்டு. குடம்பியை மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறமான இரட்டைக்கொம்பு ஒன்று பாம்பின் நாவைப்போல வெளிப்படும். அழுகிய தோடம்பழத்தை நினைவூட்டும் கடும் நாற்றம் எழும். முதிர்ந்த பருவத்தில் அந்நாற்றம், பழுதான வெண்ணெயை நாறச்செய்யும் அமிலத்துக்கு நெருங்கிய உறவான அமிலங்களால் உண்டாவது. எறும்புகளும் சிறு பூச்சிகளும் அதற்கு அஞ்சி ஓடும். எமக்கு அதனால் தீங்கில்லை. ஊரில் முருங்கை மரத்து மயிர்க்கொட்டி பட்டுத் தடித்த அனுபவமுள்ள பெற்றோர், புழு என்றதும் பிள்ளைகளை விலக்குதல் இயல்பே. ஆனால் இது சுணை மயிர் இல்லாதது, கடிக்காதது.

முதிர்ந்த குடம்பி ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் நீளம் வளர்ந்து, ஒரு கிளையைத் தெரிந்து, வாலைப் பட்டிழையால் ஒட்டி, இடுப்பைச் சுற்றியும் ஓர் இழையைக் கட்டிக்கொண்டு தலைநிமிர்ந்த நிலையில் கூட்டுப்புழு ஆகும். சூழலுக்கேற்பக் கூடு பச்சையாகவோ கபிலமாகவோ அமையும். கோடையில் இரண்டு மூன்று வாரங்களில் பூச்சி வெளிவரும். குளிர்காலம் நெருங்கினால் உள்ளேயே பல மாதங்கள் உறங்கிவிடும். கூட்டுப்புழு செத்துவிட்டதென்று எண்ணி அதனை எறிந்துவிடும் பிள்ளைகள் பலர். இளவேனில் வரை காத்திருத்தல் வேண்டும்.

முட்டைகளுள் மிகச் சிலவே பறக்கும் நிலையை எட்டுகின்றன. சிலந்தி, எறும்பு, பறவை, சாறுறிஞ்சும் மூட்டுப்பூச்சி எனப் பகைவர் பலர். உடலுக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்னும் சிறு குளவிகளும் ஈக்களும் உண்டு. இவை போதாவென்று நாமும் மருந்து தெளிக்கிறோம்.

இவ்விடத்தில் பெற்றோரிடம் சிறிது பேச விரும்புகிறோம். பெருமரத்துக்கு ஏஜியசினால் வரும் கேடு மிகச் சிறிது. தின்ற கிளை மறுபடியும் தளிர்க்கும். சாடியில் நிற்கும் சிறு கறிவேப்பிலையின் நிலை வேறு. நான்கு குடம்பிகள் சேர்ந்தால் ஒரு கிழமையில் அதனை மொட்டையாக்கிவிடும். ஆண்டு முழுவதும் காத்த செடியை இழக்கும் வருத்தம் எமக்கும் விளங்குகிறது. அவ்வாறாயின் இரண்டை விட்டு, மற்றவற்றை இலையோடு கிள்ளி எலுமிச்சை மரத்தில் வைத்துவிடலாம். முற்றாக விரும்பாதோர் மென்வலையால் செடியை மூடலாம். நச்சு மருந்து தெளிப்பது எவ்வகையிலும் தகாது. குடம்பியைக் கொல்லும் மருந்து படிந்த அந்த இலையே அடுத்த நாள் எமது சட்டியில் விழுகின்றது.

மற்றொரு செய்தியும் உண்டு. அது வண்ணத்துப்பூச்சியிலும் கடுமையானது. ஊருக்குச் சென்று திரும்புவோர் சிலர் கறிவேப்பிலைக் கன்றையோ விதையையோ பையில் மறைத்துக் கொண்டுவர எண்ணுகின்றனர். எலுமிச்சை இன மரங்களின் சாற்றை உறிஞ்சும் ஒரு சிறு ஆசியப் பூச்சி கறிவேப்பிலையிலும் பெருகுவது. இலை மஞ்சளித்து, காய் கோணி, மரமே அழியும் கொடிய பற்றீரிய நோயொன்றை அது பரப்புகின்றது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2005 இல் அந்நோய் கண்டறியப்பட்டபின் அங்குள்ள தோடைத் தோட்டங்கள் பேரழிவுக்குள்ளாயின. அது அவுஸ்திரேலியாவிற் புகாதிருக்க இந்நாட்டு அரசு பெருமுயற்சி எடுக்கின்றது. எமது ஒரு கன்றுக்காக அதனைக் குலைத்தல் ஆகாது. இங்கேயே நாற்றுமேடைகளில் கன்று கிடைக்கின்றது.

குடம்பியை வளர்த்துப் பார்க்க விரும்பும் மாணவர்க்குச் சில குறிப்புகள் கூறுவோம். வாயகன்ற பெட்டியொன்றை எடுத்து மேலே வலைத்துணி கட்டுங்கள். மருந்து தெளிக்காத எலுமிச்சைக் கிளையொன்றைச் சிறு நீர்ப்புட்டியில் செருகி உள்ளே வையுங்கள். புட்டியின் வாயைப் பஞ்சால் அடைக்க மறவாதீர்கள். இல்லையேல் குடம்பி நீரில் விழுந்து இறக்கும். குடம்பியைக் கையாற் பிடித்து இழுக்காமல், அது இருக்கும் இலையோடு மாற்றுதல் வேண்டும். நாள்தோறும் புது இலை இட்டுக் கழிவை அகற்றுங்கள். ஒரு கொப்பியிலே திகதி, நீளம், நிறம், தோலுரித்த நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வாருங்கள். எச்சநிறம் பச்சையாக மாறும் நாளைத் தவறவிடாதீர்கள். அது ஓர் இரவிலேயே நிகழ்ந்துவிடும்.

பூச்சி பெரும்பாலும் காலை வேளையிலேயே கூட்டைப் பிளந்து வெளிவரும். அப்போது சிறகுகள் நனைந்த துணிபோலச் சுருங்கித் தொங்கும். அது பற்றித் தொங்க ஒரு குச்சி அருகிலிருத்தல் வேண்டும். தொங்க இடமில்லாவிடின் சிறகுகள் கோணியே காய்ந்துவிடும். வயிற்றிலிருந்து சில துளி நீர் சிந்தும்; அது காயத்தினால் வரும் குருதியன்று, கூட்டினுள் சேர்ந்த கழிவே. சிறகுகள் முழுதும் விரிந்து உறுதிபெறச் சில மணி நேரம் ஆகும். அதுவரை தொடாதிருந்து, பின்சிறகின் ஓரத்தை மட்டும் பாருங்கள். சிவப்பு, நீலப் பிறைகள் வரிசையாக இருந்தால் பெண் எனக் குறித்துக்கொண்டு, பெட்டியை வெயில் படும் இடத்தில் திறந்து வையுங்கள்.